நைல் ஆற்றுப் பாய்மரப் பயணம்

நைல் ஆற்றுப் பாய்மரப் பயணம் என்பது கெய்ரோவிலிருந்து தெற்கு நோக்கிப் படகில் சென்று, ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள பண்டைய எகிப்தின் கோயில்களையும் கல்லறைகளையும் கண்டு திரும்பும் பயணமாகும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகளிடையே இது பெரு வழக்காக இருந்தது. இரண்டு மாதம் முதல் நான்கு மாதம் வரை நீண்ட இப்பயணத்திற்குத் திட்டமிடுவதே ஒரு தனிக்கலையாகக் கருதப்பட்டது. பண்டைய எகிப்தைப் பற்றிய ஆய்வு ஒரு கல்வித்துறையாக வளர்ந்ததிலும் இப்படகுகளுக்குப் பங்குண்டு. அதே படகுகளில் வந்தவர்களால் நினைவுச்சின்னங்கள் சிதைந்ததும் உண்மை.

காற்றும் நீரோட்டமும்

நைல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்கிறது. எகிப்தில் ஆண்டின் பெரும்பகுதி வாடைக்காற்று, அதாவது வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசும் காற்று அடிக்கிறது. ஆறு ஒரு திசையிலும் காற்று அதற்கு நேர் எதிர்த் திசையிலும் செல்லும் இந்த அமைப்பு உலகில் மிகச் சில பேராறுகளுக்கே வாய்த்துள்ளது. தெற்கே போக வேண்டுமா, பாயை விரித்தால் போதும். வடக்கே திரும்ப வேண்டுமா, பாயைச் சுருட்டிவிட்டு நீரோட்டத்தோடு விட்டால் போதும். பண்டைய எகிப்தியரின் எழுத்திலேயே இது பதிந்துள்ளது. ‘தெற்கே செல்லுதல்’ என்னும் சொல்லோடு பாய் விரித்த படகின் படத்தையும், ‘வடக்கே செல்லுதல்’ என்னும் சொல்லோடு பாய் இல்லாத படகின் படத்தையும் அவர்கள் வரைந்தனர். பிரமிடுகளுக்கான சுண்ணாம்புக்கல்லும், கோயில்களுக்கான மணற்கல்லும், அசுவானின் கருங்கல்லும் இந்த ஆற்று வழியாகவே இடம் பெயர்ந்தன. எனவே ஏறத்தாழ எல்லாப் பெரிய நினைவுச்சின்னங்களும் ஆற்றிலிருந்து எட்டும் தூரத்திலேயே அமைந்துள்ளன.

பயணக் காலத்தைத் தீர்மானித்ததும் இந்த ஆறுதான். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழையால் கோடையின் பிற்பகுதியில் நைலில் வெள்ளம் வரும். அது வடியத் தொடங்கிய பின், நவம்பர் அல்லது டிசம்பரில் கெய்ரோவிலிருந்து புறப்பட்டால் காற்றும் கிடைக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். காலம் தாழ்த்தினால் நீர்மட்டம் இறங்கி மணல் திட்டுகள் தலைகாட்டும். மார்ச்சுக்குப் பின் தெற்கிலிருந்து ‘கம்சீன்’ என்னும் புழுதிக்காற்று வரும். இந்த இடைவெளிக்குள் போய்த் திரும்பியாக வேண்டும்.

தகபியா

பயணிகள் வாடகைக்கு எடுத்த படகு ‘தகபியா’ எனப்பட்டது. இப்பெயர் பொன்னைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தட்டையான அடிப்பகுதியும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட நீண்ட படகு இது. முன்புறம் உள்ள பாய்மரத்தில் மிக நீண்ட சாய்வான கழியில் முக்கோணப் பாய் கட்டப்பட்டிருக்கும். பின்புறத்தில் சிறிய பாய். படகின் பின்பாதியில் பயணிகளின் அறைகள் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றின் கூரையே மேல்தளம். மாலுமிகள் முன்புறத் தளத்திலேயே உண்டு, அங்கேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு உறங்கினர். சமையல் அடுப்பும் முன்புறத்தில்தான் இருந்தது.

படகின் தலைவர் ‘ரயீஸ்’ எனப்பட்டார். அவருக்கு அடுத்து சுக்கான் பிடிப்பவர், பத்துப் பன்னிரண்டு மாலுமிகள், சமையற்காரர், பணியாட்கள் இருந்தனர். இவர்கள் அனைவருக்கும் பயணிகளுக்கும் நடுவில் நின்றவர் ‘திராகோமான்’ எனப்படும் மொழிபெயர்ப்பாளர். மொழி பெயர்ப்பதோடு அவர் வேலை முடிவதில்லை. உணவுப் பொருள் வாங்குவது, கூலி கொடுப்பது, கழுதை அமர்த்துவது, ஊர்த் தலைவர்களோடு பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல திராகோமான் கிடைத்தால் பாதிப் பயணம் முடிந்தது போலத்தான்.

ஒப்பந்தமும் ஆயத்தமும்

கெய்ரோவின் துறைமுகமான பூலாக்கில் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். பயணிகள் நாள்தோறும் அங்குச் சென்று, படகு படகாக ஏறி இறங்கி, விலை பேசினர். முடிவானதும் எழுத்தில் ஒப்பந்தம் செய்து, தம் நாட்டுத் தூதரகத்தில் பதிவு செய்வது வழக்கம். எத்தனை நாள், எந்த ஊர்களில் எத்தனை நாள் தங்கல், காற்று இல்லாத நாளுக்கு என்ன கணக்கு என்பவை அதில் இருந்தன. மாலுமிகளின் ரொட்டிக்கும் அதில் இடம் இருந்தது. வழியில் அசியூத், எஸ்னா போன்ற ஊர்களில் ஒரு நாள் நிறுத்தி, பல நாட்களுக்கு வேண்டிய ரொட்டியைச் சுட்டுக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. சுட்ட ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, மேல்தளத்தில் வெயிலில் காயவைத்துச் சேமித்தனர். வரலாற்று நூல்கள் பயணிகளின் பெயர்களையே பேசுகின்றன. அவர்களைத் தோளில் கயிறு போட்டு இழுத்துச் சென்றவர்களின் உணவு இந்தக் காய்ந்த ரொட்டிதான் என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

எகிப்தியவியல் அறிஞரான கார்ட்னர் வில்கின்சன் எழுதி, ஜான் முர்ரே பதிப்பகம் 1847இல் வெளியிட்ட கையேடு பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தது. வாடகைக்கு எடுத்த படகை முதலில் ஆற்றில் மூழ்கடித்து எடுக்க வேண்டும் என்பது அக்காலத்தில் கூறப்பட்ட ஓர் அறிவுரை. எலிகளும் பூச்சிகளும் ஒழிவதற்காக! கொசுவலை, மருந்துகள், தேயிலை, புத்தகங்கள், எழுதுபொருள்கள் என எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியல் நீண்டது. ஒவ்வொரு படகும் தன் நாட்டுக் கொடியோடு தனக்கென ஓர் அடையாளக் கொடியையும் பறக்கவிட்டது. தொலைவில் வரும் படகு யாருடையது என்று அறிய இது உதவியது.

போகும்போது பார்க்காதே

இப்பயணத்தின் முதல் விதி, புதிதாக வந்தவர்களுக்கு வியப்பளித்தது. தெற்கே போகும்போது கோயில்களுக்காக நிற்கக்கூடாது. திரும்பும்போதுதான் பார்க்க வேண்டும். காரணம் எளியது. காற்று நம் கையில் இல்லை. நல்ல காற்று அடிக்கும் நாளில் கோயில் பார்க்க இறங்கிவிட்டால், மறுநாள் காற்று நின்றுவிடலாம். பிறகு மாலுமிகள் கரையில் இறங்கி வடம் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் இழுத்தாலும் சில கல் தொலைவுதான் நகரும். திரும்பும் வழியிலோ நீரோட்டம் எப்போதும் இருக்கும். ஆகையால் பயணிகள் பலர் எகிப்தின் வரலாற்றைத் தலைகீழ் வரிசையில் பார்க்க நேர்ந்தது. கெய்ரோவுக்கு அருகில் உள்ள கிமு 27ஆம் நூற்றாண்டின் சக்காரா படிப்பிரமிடைத் தொடக்கத்தில் பார்த்துவிட்டு, அடுத்ததாகத் தெற்கே உள்ள தாலமி, உரோமர் காலக் கோயில்களைக் கண்டு, பின்னர் லக்சரின் புதிய பேரரசுக் காலத்துக்குத் திரும்பி, இறுதியில் பெனி ஹசனின் நடு இராச்சியக் கல்லறைகளுக்கு வந்தனர்.

வழியில் லக்சருக்கு வடக்கே உள்ள கிஃப்ட் என்னும் சிற்றூரில் பெரும்பாலோர் இறங்குவதில்லை. ஆனால் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஊர் அது. உரோமர் காலத்தில் கோப்டோஸ் எனப்பட்ட இவ்வூருக்குத்தான், செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய இந்தியச் சரக்குகள் ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து வந்தன. இங்கிருந்து நைல் படகுகளில் அலெக்சாந்திரியா சென்றன. முசிறித் துறைமுகத்தோடு நடந்த வணிகத்தைக் குறிப்பிடும் கிபி 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்று இவ்வழியைக் கூறுகிறது. செங்கடல் கரையிலுள்ள குசைர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன.

முதல் நீர்விரைவு

அசுவானில் ஆற்றின் குறுக்கே கருங்கல் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. நூல்களில் ‘முதல் நீர்வீழ்ச்சி’ என்று எழுதப்பட்டாலும் இங்கு நீர் உயரத்திலிருந்து விழுவதில்லை. பாறைகளுக்கு இடையே சீறிப் பாய்கிறது. தகபியாவை இதில் ஏற்றுவது உள்ளூர் நூபியர்களின் தொழில். அவர்களின் தலைவரோடு தனியாகக் கூலி பேச வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் பாறைகளின் மேல் நின்று வடங்களைப் பிடித்து இழுக்க, படகு அங்குலம் அங்குலமாக ஏறும். ஒரு நாளில் முடிந்தால் பாக்கியம். அதைக் கடந்தால் பிலே தீவின் ஐசிஸ் கோயில். காலம் கண்டறியப்பட்ட கடைசிப் படவெழுத்துக் கல்வெட்டு, கிபி 394ஆம் ஆண்டுக்குரியது, இக்கோயிலில்தான் உள்ளது.

அமேலியா எட்வர்ட்ஸின் பயணம்

இத்தகைய பயணங்களில் விளைவு மிகுந்தது அமேலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலப் புதின எழுத்தாளரின் பயணம். பிரான்சில் ஓயாத மழையால் சலித்து, வெயிலைத் தேடி அவர் எகிப்துக்கு வந்தார். 1873 நவம்பர் 29 அன்று தோழி லூசி ரென்ஷாவுடன் கெய்ரோவை அடைந்தார். டிசம்பர் 13 அன்று ‘பிலே’ என்னும் தகபியாவில் புறப்பட்டார். 1874 சனவரி 31 இரவு அபு சிம்பெலை அடைந்தார். பிப்ரவரி 18 மாலைதான் அங்கிருந்து கிளம்பினார். இடையில் நான்கு நாட்கள் இரண்டாம் நீர்விரைவுள்ள வாதி அல்ஃபாவுக்குச் சென்று வந்தது போக, பதினான்கு நாட்கள் கோயிலின் அடியிலேயே கழிந்தன. இரண்டாம் ராமேசசின் நான்கு பேருருவங்களில் ஒன்றின் முகத்தில், முன்னர் யாரோ அச்செடுத்தபோது படிந்த வெள்ளைச் சாந்து திட்டுத்திட்டாக இருந்தது. மாலுமிகளைக் கொண்டு அதைச் சுரண்டச் செய்தனர். எஞ்சிய வெண்மை மறைய, காப்பிக் கஷாயத்தைப் பூசினர். இன்றைய தொல்லியல் துறை இதை ஏற்காது. ஆனாலும் சின்னத்தின் மேல் அக்கறை கொண்டு செய்த செயல் அது.

மற்றவர்கள் அப்படி இல்லை. சுவர்களில் பெயர் செதுக்கினர், ஓவியங்களைப் பெயர்த்தெடுத்தனர். தீபை நகரில் திருட்டுத்தனமாக விற்கப்பட்ட மம்மி ஒன்றை வாங்கிய பயணிகள், அதன் வாடை தாங்காமல் ஒரே வாரத்தில் ஆற்றில் போட்டுவிட்டதை எட்வர்ட்ஸே தம் நூலில் எழுதுகிறார். பழம்பொருள் தேடும் ஆசை தமக்கும் வந்ததை அவர் மறைக்கவில்லை. நாடு திரும்பிய பின் அவர் படவெழுத்தைக் கற்றார். அவரது பயண நூல் 1877இல் வந்தது. 1882இல் எகிப்து அகழாய்வு நிதியம் தொடங்கப்பட அவரே முதன்மைக் காரணர். 1892இல் மறைந்தபோது இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்தியவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தப் பணம் விட்டுச் சென்றார். அப்பதவியில் முதலில் அமர்ந்தவர் பிளிண்டர்ஸ் பெட்ரி. மண்ணடுக்குகளையும் உடைந்த பானை ஓடுகளையும் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறையை வளர்த்தவர் இவரே.

நீராவியும் அணைகளும்

தாமஸ் குக் 1869இல் தன் முதல் குழுவை நீராவிக் கப்பல்களில் நைலில் அழைத்துச் சென்றார். காற்றுக்குக் காத்திருக்கும் தேவை போயிற்று. மூன்று மாதப் பயணம் மூன்று வாரமாகச் சுருங்கியது. பின்னர் இரயில் வந்தது. தகபியாக்கள் செல்வர்களின் ஆடம்பரமாக மட்டும் எஞ்சின.

பெரிய மாற்றம் அணைகளால் வந்தது. 1902இல் முடிந்த அசுவான் அணையால் பிலே கோயில் ஆண்டின் பல மாதங்கள் நீரில் நின்றது. ஆனால் அந்த அணையில் படகுகள் கடக்க மதகுவழி இருந்தது. 1960இல் தொடங்கி 1970இல் முடிந்த அசுவான் உயர் அணையில் அத்தகைய வழி இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எகிப்தையும் நூபியாவையும் இணைத்த ஆற்றுவழி அத்துடன் அறுந்தது.

நீரில் மூழ்கவிருந்த கோயில்களைக் காக்க யுனெஸ்கோ 1960 மார்ச்சில் உலக நாடுகளின் உதவியைக் கோரியது. அபு சிம்பெல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்பாளங்களாக அறுக்கப்பட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அமைக்கப்பட்டன. பிலே கோயில் அருகிலுள்ள அகில்கியா தீவுக்கு மாற்றப்பட்டு, 1980இல் திறக்கப்பட்டது. கோயில்கள் காக்கப்பட்ட கதை உலகறிந்தது. எகிப்திலும் சூடானிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு இலட்சம் நூபியர்கள் வீடு, பேரீச்சந்தோப்பு, மூதாதையர் இடுகாடு அனைத்தையும் விட்டு வெளியேறியது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. எகிப்திய நூபியர்கள் கோம் ஓம்போவுக்கு அருகில், ஆற்றங்கரையை விட்டு விலகிய குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர்.

இன்று திட்டமிடுவோர்க்கு

இன்று பெரும்பாலான கப்பல்கள் லக்சருக்கும் அசுவானுக்கும் இடையே மட்டுமே ஓடுகின்றன. ஆற்று வழியில் இது 200 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. நடுவில் எஸ்னா தடுப்பணை உள்ளதால், மீண்டும் கட்டப்பட்டு ஓடும் தகபியாக்கள் பல எஸ்னாவுக்குத் தெற்கேயிருந்து புறப்பட்டு, நான்கைந்து நாளில் அசுவானை அடைகின்றன. காற்று இல்லாதபோது சிறு இயந்திரப் படகு இழுக்கிறது. இவ்வழியில் எல் காப் கல்லறைகள், எட்ஃபூவின் ஹோரஸ் கோயில், ஜெபல் எல் சில்சிலா கற்சுரங்கங்கள், கோம் ஓம்போவின் முதலைத் தெய்வக் கோயில் ஆகியவற்றைக் காணலாம். சில்சிலாவில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. கர்னக் போன்ற கோயில்களுக்கான மணற்கல் வெட்டப்பட்ட இடம் அது. உளியின் தடங்கள் பாறையில் இன்றும் தெளிவாக உள்ளன. அதற்காகவே தகபியாவைத் தேர்ந்தெடுக்கலாம்.

செலவைக் குறைக்க விரும்புவோர் ‘பெலூக்கா’ என்னும் ஒற்றைப்பாய்த் திறந்த படகில் செல்கின்றனர். அதில் அறை கிடையாது, தளத்திலேயே உறக்கம். இவை பெரும்பாலும் அசுவானிலிருந்து நீரோட்டத்தோடு வடக்கே வருகின்றன. டெண்டெரா, அபிதோஸ் கோயில்களைக் காண லக்சரிலிருந்து சாலை வழியே சென்று வருவதே எளிது. காலம் பழையதுதான்: நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் லக்சரில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்.

அபு சிம்பெலுக்குச் செல்வோர் அசுவானில் படகை விட்டு இறங்கி, சாலை வழியாகவோ வானூர்தியிலோ செல்ல வேண்டும். அணைக்கு மேலே உள்ள நாசர் ஏரியில் தனிக் கப்பல்கள் ஓடுகின்றன. எட்வர்ட்ஸின் படகு கட்டப்பட்டிருந்த கரையும், அவர் நூலில் வரும் நூபியச் சிற்றூர்களும் அந்த ஏரியின் அடியில் உள்ளன.