சுதந்திராக் கட்சியும் பட்டா இல்லாத மலையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையில், கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கீழே கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி. மேலே சாமையும் தினையும் விளையும் கல்வராயன் மலை. இரண்டுக்கும் இடையே சில மைல் தொலைவுதான். ஆயினும் சென்ற நூற்றாண்டின் நிலவரலாற்றில் இவை இரண்டும் இரு வேறு நாடுகளாகவே இருந்தன. கீழே இருந்த உழவனிடம் பட்டா என்ற காகிதம் இருந்தது. மேலே இருந்த உழவனிடம் அது இல்லை. அந்தக் காகிதத்தின் பெருமையையே கொள்கையாகக் கொண்டு தமிழகத்தில் தோன்றி, பதினைந்து ஆண்டுகளில் மறைந்துபோன ஒரு கட்சியைப் பற்றி, இந்த இரு நிலங்களையும் முன்வைத்து இங்கே சிந்திக்கலாம்.

ஐரோப்பாவின் சிறிய நாடுகள் பலவற்றில் பழைமை பேணும் கட்சிகள் உண்டு. அரியணை, திருச்சபை, குடியானவனின் நிலம் ஆகிய மூன்றில் ஒன்றையோ மூன்றையுமோ காப்பது அவற்றின் நோக்கம். நம் நாட்டில் அவ்வகைக் கட்சி எது என்று கேட்டால், சட்டென்று நினைவுக்கு வர வேண்டிய பெயர் சுதந்திராக் கட்சி. ஆனால் இன்றைய இளைஞர்களில் பலர் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எழுதி 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இராஜாஜியை அறிந்தவர்கள்கூட, அதற்கு அடுத்த ஆண்டே எண்பது வயதில் அவர் ஒரு புதிய கட்சியைத் தொடங்கினார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காரணம் நிலம். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையே எதிர்கால வேளாண்மையின் வடிவம் என்று தீர்மானித்தது. உழவர்கள் தத்தம் நிலங்களை ஒன்றுசேர்த்து உழ வேண்டும், உரிமை அவர்களுடையதாகவே இருக்கும், விளைச்சலைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். சோவியத்திலும் சீனத்திலும் நடந்ததை அறிந்தவர்கள் இதைக் கேட்டு அஞ்சினார்கள். காங்கிரசுக்குள்ளேயே சரண்சிங் அதை எதிர்த்தார். வெளியே, அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சியின் தொடக்கம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் மாநாடு கூடியது. ஆந்திரத்து விவசாயிகளின் தலைவரான என்.ஜி. ரங்கா தலைவரானார். மினூ மசானி பொதுச்செயலாளர் ஆனார். வழிகாட்டியாக நின்றவர் இராஜாஜி.

அக்கட்சியின் கொள்கைகள் இருபத்தொன்று. அரசின் தலையீடு குறைய வேண்டும், உழவனின் நிலவுரிமை காக்கப்பட வேண்டும், நியாயமான இழப்பீடின்றி எவருடைய உடைமையும் பறிக்கப்படலாகாது என்பன அவற்றின் மையம். அடிப்படைக் கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட விஷயங்களில் உறுப்பினர்கள் தம் மனம்போல் பேசவும் வாக்களிக்கவும் உரிமை தந்த கட்சி அது. அரசாங்கத்திடம் அனுமதியும் உரிமமும் பெற்றால்தான் ஒருவன் எதையும் செய்யலாம் என்ற நிலையை ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்’ என்று இராஜாஜி கேலி செய்தார். அந்தச் சொல்லாட்சி இன்றும் வழக்கில் இருக்கிறது. அதை உருவாக்கிய கட்சிதான் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இராஜாஜியைப் பண்ணையார்களின் வழக்கறிஞர் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1938இல் விவசாயிகளின் கடன்சுமையைக் குறைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். 1952இல் மீண்டும் முதல்வரானபோது, தஞ்சையில் குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கும் சட்டம் அவருடைய ஆட்சியில்தான் பிறந்தது. எளியவனின் பக்கம் அரசு நிற்க வேண்டிய தருணங்கள் உண்டு என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் அரசே எல்லாவற்றுக்கும் உடைமையாளனாகிவிட்டால், அந்த அரசிடமிருந்து எளியவனைக் காப்பவர் யார் என்பதே அவர் முதுமையில் எழுப்பிய கேள்வி.

இந்தக் கேள்வி கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு நன்றாகப் புரியக்கூடியது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இரயத்துவாரி முறை வேரூன்றியிருந்தது. இடைத்தரகர் இன்றி உழவன் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டும் முறை அது. இரண்டு ஏக்கர் புன்செய் வைத்திருந்தவன்கூடத் தன் பெயரில் பட்டா வைத்திருந்தான். அதைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்தான். பெண்ணுக்குத் திருமணம் என்றால் அதை அடகு வைத்தான். அவனிடம் சென்று, அடுத்தவன் நிலத்தோடு உன் நிலத்தையும் சேர்த்து உழு என்றால் அவன் திகைக்கத்தான் செய்வான்.

1964இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினேழாம் திருத்தத்தைச் சுதந்திராக் கட்சி கடுமையாக எதிர்த்ததும் இதனால்தான். ஜமீன்களை ஒழிப்பதற்காக முன்பு வகுக்கப்பட்ட ‘எஸ்டேட்’ என்ற சொல்லின் பொருளை விரித்து, இரயத்துவாரி நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்தது அத்திருத்தம். உச்சவரம்புச் சட்டங்களை நீதிமன்றங்களில் காப்பாற்றுவது அதன் நோக்கம். உச்சவரம்புக்கு உட்பட்டுச் சொந்தமாகப் பயிரிடும் நிலத்தை எடுத்தால் சந்தை விலைக்குக் குறையாத இழப்பீடு தர வேண்டும் என்ற காப்பும் அதே திருத்தத்தில் இருந்தது என்பதையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். அந்தக் காப்பு இடம்பெற்றதில் எதிர்ப்புக் குரல்களுக்கும் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது.

தேர்தல் களத்தில் அக்கட்சி அடைந்தது என்ன? 1962இல் மக்களவையில் 18 இடங்கள். 1967இல் 44 இடங்கள். சென்னைச் சட்டமன்றத்தில் 1962இல் 6 உறுப்பினர்களைப் பெற்றிருந்த கட்சி, 1967இல் தி.மு.க. கூட்டணியில் நின்று 20 இடங்களைப் பெற்றது. இருபது ஆண்டுக்காலக் காங்கிரஸ் ஆட்சியைத் தமிழகத்தில் வீழ்த்தியதில் நட்சத்திரச் சின்னத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆனால் வென்றது தி.மு.க.; அதன் பாதை வேறு. நில உச்சவரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைக்கப்பட்டது 1970இல், அதே தி.மு.க. ஆட்சியில்தான். தான் ஏற்றிவிட்ட கூட்டாளி தன் கொள்கைக்கு எதிர்த்திசையில் நடப்பதைக் காண நேர்வது சிறிய கட்சிகளின் தலைவிதி போலும்.

இனி மலைக்கு வருவோம்.

கல்வராயன் மலையில் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பட்டப்பெயர்களைக் கொண்ட மூன்று ஜாகீர்கள் இருந்தன. கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடை என்பது அவற்றைப் பற்றி வழங்கிவந்த செய்தி. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். பெயர் மலையாளி என்றாலும் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்பதே அப்பெயரின் பொருள். ஆனால் மலையை ஆண்டவர்கள் ஜாகீர்தார்கள். உழுதவர்கள் அவர்களுக்கு வரி செலுத்தினார்கள். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1950இல் குடியரசு மலர்ந்தது. பொதுத்தேர்தல்கள் வந்து போயின. இவற்றுக்கெல்லாம் பிறகும் கல்வராயன் மலையில் ஜாகீர் முறை நீடித்தது.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி எழுகிறது. சுதந்திராக் கட்சியின் பேச்சாளர் ஒருவர் அன்று வெள்ளிமலைக்கு ஏறி வந்து, ‘உங்கள் நிலத்தை அரசு பறித்துக்கொள்ளும், எச்சரிக்கையாக இருங்கள்’ என்று முழங்கியிருந்தால், கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பறிப்பதற்கு அவர்களிடம் என்ன இருந்தது? பட்டா இல்லை. அளந்து கல் நட்ட எல்லை இல்லை. தலைமுறை தலைமுறையாக உழுத கொல்லை, சட்டத்தின் கண்ணில் அவர்களுடையது அல்ல. பெர்மிட் ராஜ்யம் என்று இராஜாஜி எதைப் பழித்தாரோ, அது மலையில் அரசின் வடிவில் இல்லை. ஜாகீர்தாரின் வடிவில் இருந்தது.

அக்கட்சியின் பெரிய பலவீனம் இங்கேதான் தெரிகிறது. இராஜாஜியும் மசானியும் பேசியது தனிமனித உரிமை. ஆனால் அவர்களுடைய கட்சிக்கு வடக்கே வாக்குகளைச் சேர்த்துத் தந்தவர்களில் மன்னர்களும் ஜமீன்தார்களும் மிகுதி. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி அக்கட்சியின் சார்பில் 1962இல் பெருவெற்றி பெற்றார். பீகாரில் ராம்கட் அரசரின் கட்சி அதில் கலந்தது. ஒரிசாவில் சமஸ்தானத்தார் நடத்திய கணதந்திர பரிஷத் இணைந்தது. தன் ஏர் தனக்கே என்ற சிறு உழவனும், தன் சமஸ்தானம் போயிற்றே என்ற அரசனும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். உடைமை என்ற ஒரே சொல்லை இருவரும் சொன்னார்கள். இருவரும் கருதிய பொருள் ஒன்றல்ல. இந்த முரண்பாட்டைத் தீர்க்காமலே கட்சி 1971 தேர்தலைச் சந்தித்தது. மக்களவையில் 8 இடங்களே எஞ்சின. 1972 டிசம்பர் 25இல் இராஜாஜி மறைந்தார். 1974இல், நாகபுரியில் எதிர்ப்புக் குரல் கொடுத்த அதே சரண்சிங்கின் தலைமையில் உருவான பாரதிய லோக் தளத்தில் கட்சி கரைந்துபோனது.

அடுத்த ஆண்டே நெருக்கடி நிலை வந்தது. எல்லையற்ற அதிகாரம் கொண்ட அரசைப் பற்றி இராஜாஜி விடுத்த எச்சரிக்கை நம் கண்முன்னே மெய்யானது. பத்திரிகைத் தணிக்கையை எதிர்த்துப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் மசானி வழக்காடி வென்றார். அதே 1976ஆம் ஆண்டில்தான், தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தபோது, கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. நாட்டின் சுதந்திரம் பறிக்கப்பட்டிருந்த காலத்தில் ஒரு மலைக்கு விடுதலை கிட்டியது. வரலாறு தரும் இத்தகைய கசப்பான பாடத்தை எந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையிலும் அடக்க முடியாது.

அப்படியானால் இராஜாஜி தோற்றார், அரசு வென்றது என்று முடித்துவிடலாமா? முடியாது. ஜாகீர்தார் போனதும் மலைமக்கள் உடைமையாளர் ஆகிவிடவில்லை. காடு என்று கணக்கில் உள்ள நிலத்தில் உழுதவன், தன் கொல்லையிலேயே ஆக்கிரமிப்பாளனாக நிற்க வேண்டியிருந்தது. முன்பு ஜாகீர்தாரின் தயவு. பிறகு வனத்துறையின் தயவு. அத்தகைய நிலத்தில் வழிவழியாக உழுதவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2006இல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த பிறகு, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று அங்கே எழுந்த கேள்விகள் அனைத்தும், அரை நூற்றாண்டாக அரசு அந்த மலைக்கு என்ன செய்தது என்ற ஒரே கேள்வியில் அடங்கும்.

இன்னொரு முரணையும் இங்கே நினைவுகூர வேண்டும். சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது இந்திரா காந்தியின் ஆட்சியில் அன்று. 1978இன் நாற்பத்து நான்காம் திருத்தத்தால், ஜனதா ஆட்சியில் நீக்கப்பட்டது. அந்த ஆட்சியின் நிதியமைச்சர் எச்.எம். படேல், ஒரு காலத்தில் சுதந்திராக் கட்சியின் முன்னணித் தலைவர். எதைக் காக்கவென்று அக்கட்சி பிறந்ததோ, அது அதன் வாரிசுகளும் இடம்பெற்றிருந்த ஆட்சியிலேயே போயிற்று.

பழைமை பேணுவோர் இருப்பதைக் காக்க வேண்டும் என்கிறார்கள். அது தவறான விழைவு அன்று. உழவனின் பட்டா, தறிகாரனின் தறி, கடைக்காரனின் பெட்டி ஆகியவை அரசின் விருப்பத்துக்கு ஆட்பட்டுவிட்டால் குடிமகன் நிமிர்ந்து நிற்க முடியாது என்று இராஜாஜி கண்டது உண்மை. ஆனால் காப்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். காக்கும்படி எதுவுமே தரப்படாதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கையில் முதலில் ஒரு காகிதம் சேரட்டும், பிறகு அதைச் சேர்ந்து காப்போம் என்று சொல்லக்கூடிய ஒரு பழைமைக் கட்சி நம்மிடையே தோன்றியிருந்தால், அது மலையிலும் காலூன்றியிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது கோமுகி அணையின் நீர்ப்பரப்பு கண்ணில் படுகிறது. மலையில் பெய்யும் மழை அங்கே தேங்கி, கீழே பட்டா நிலங்களுக்குப் பாய்கிறது. தண்ணீர் மலையிலிருந்து இறங்கிவிட்டது. உரிமைதான் இன்னும் மலையேறி முடிக்கவில்லை.