வால்வும் பாத்தியும்: திண்டுக்கல் சின்ன வெங்காயத்தில் பல்காரணி வயல்சோதனை

ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் பக்கம் சின்ன வெங்காயம் போடும் தோட்டங்களில் சொட்டுநீர் புதிதல்ல. கேட் வால்வைத் திறந்தால் அதன் சப்மெயின் குழாயில் மாட்டிய லேட்டரல் குழாய்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஓடும். அந்த வால்வைக் கொண்டு நடுவில் ஒரு பாத்திக்கு மட்டும் நிறுத்த முடியாது. பல்காரணிச் சோதனையின் அமைப்பைத் தீர்மானிப்பது இந்த வால்வுதான் என்பதும், பயிர் இனப்பெருக்க மென்பொருள் முதலில் கேட்கவேண்டியது இதைப் பற்றித்தான் என்பதும் என் வாதம்.

வெங்காய வகை 4, பாசன அளவு 2, தழைச்சத்து அளவு 3 என்று ஒரு சோதனையைக் கற்பனை செய்வோம். சேர்க்கை 24, மும்முறை மீளச்செய்தால் 72 பாத்தி. காரணிகளை மென்பொருளில் நிரப்பி, எளிய தொகுதி அமைப்பைத் தேர்ந்தால், 24 சேர்க்கைகளையும் தொகுதிக்குள் குலுக்கிப்போட்டு நொடியில் வரைபடம் தந்துவிடும். அதில் முழுப் பாசனப் பாத்தியும் குறைப் பாசனப் பாத்தியும் மாறிமாறிக் கிடக்கும். அப்படியே வயலில் இறக்கப் பாத்திக்கொரு வால்வு வேண்டும். அவ்வளவு செலவுசெய்ய யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு தொகுதியிலும் குறைப் பாசனம் பெறும் 12 பாத்திகளையும் ஒரு வால்வின் கீழ், முழுப் பாசனம் பெறுவனவற்றை இன்னொரு வால்வின் கீழ் ஒதுக்கிவிடுவார்கள். வயலில் நடந்தது, ஒரு காரணியைப் பெரிய பகுதிக்கும் மற்றவற்றை அதற்குள் உள்ள துணைப் பாத்திகளுக்கும் கொடுக்கும் பிரிபாத்திச் சோதனை. கணினியில் இருப்பதோ பழைய குலுக்கல்.

இது வெறும் பதிவுப் பிழையன்று. கணினி நம்பும் அமைப்பில் பாசனத்தின் விளைவை அளக்கும் பிழைக்குக் கட்டின்மை எண் 46. 5 விழுக்காட்டு நிலையில் எஃப் மதிப்பு ஏறக்குறைய 4.05-ஐத் தாண்டினால் போதும். உண்மையில் ஒவ்வொரு மீள்செய்கையிலும் பாசனத்துக்கு இருப்பவை இரண்டே வால்வுப் பகுதிகள். அதற்குரிய பிழையின் கட்டின்மை எண் 2. தாண்டவேண்டிய எல்லை 18.51. எஃப் மதிப்பு 9 வந்தால் கணினி அதைக் கண்டுபிடிப்பு என்று அச்சிடும். வயலோ ஒன்றும் சொல்லியிருக்காது. சரியான அமைப்பில் பிழையே வேறாகக் கணக்கிடப்படும் என்பதால் அந்த 9-உம் நிலைக்காது.

இதே இடத்தில் புள்ளியியலாளர் ஃபிஷரே ஒருமுறை தடுமாறியிருக்கிறார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 12 உருளைக்கிழங்கு வகைகளோடு எருவையும் பொட்டாஷையும் சேர்த்துச் செய்த சோதனையை மெக்கென்சியுடன் 1923-இல் வெளியிட்டபோது, பாத்தியும் அதற்குள் பிரித்த வரிசையும் வேறு வேறு அலகுகள் என்பதைக் கருதாமல் ஒரே பிழையைக் கொண்டு பகுத்தார். 1925-இல் வந்த தம் நூலில் அதே சோதனையின் தரவை இரண்டு பிழைகளாகப் பிரித்துக் காட்டினார். மாறுபாட்டுப் பகுப்பாய்வின் தொடக்க உதாரணமே இப்படித் திருத்தப்பட்ட ஒன்று என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

பயிர் இனப்பெருக்க மென்பொருள்கள் வகைத்தேர்வுச் சோதனையின் மடியில் வளர்ந்தவை. பாத்திக்கு ஒரு விதை, ஒரு பெயர். பாசனமும் உரமும் பின்னால் ஒட்டப்படும் குறிப்புகள். மரவள்ளிக்கான தரவுத்தளத்திலிருந்து வளர்ந்த பிரீட்பேஸ் என்ற மென்பொருளில் பிரிபாத்தி அமைப்பும் இருக்கிறது. ஆகவே வசதி இல்லை என்று குறைசொல்ல முடியாது. கேள்விகளின் வரிசைதான் தலைகீழ். ‘எத்தனை காரணி’ என்பதற்கு முன் ‘எந்தக் காரணியை எவ்வளவு நிலத்துக்கு ஒரே தடவையில் மாற்றுகிறீர்கள்’ என்று கேட்டாக வேண்டும்.

பிரிபாத்தியால் துல்லியம் போய்விடும் என்பார்கள். எது போகிறது என்று பார்க்கவேண்டும். குறைந்த தண்ணீரில் விளைச்சல் குறையும் என்பதை அறிய இனப்பெருக்கக்காரருக்குச் சோதனையே வேண்டாம். எந்த வகை குறைந்த தண்ணீரைத் தாங்குகிறது என்பதே அவர் கேள்வி. வகைக்கும் பாசனத்துக்கும் உள்ள அந்த இடைவினை துணைப் பாத்திப் பிழையால் அளக்கப்படும். அதன் கட்டின்மை எண் 44. பாசனத்தின் தனி விளைவும் வேண்டுமென்றால் 6 மீள்செய்கை வைத்தால் எல்லை 6.61-க்கு இறங்கும், பாத்தி 144 ஆகும்.

சின்ன வெங்காயத்தில் இன்னொரு சிக்கல். நாட்டு வகைகளைக் காய் ஊன்றித்தான் பயிரிடுகிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 விதை பிடிக்கும்; நாற்றுவிட்டு நடலாம். நடவு முறையை ஒரு காரணியாகச் சேர்த்தால், மென்பொருள் எல்லா வகைக்கும் நாற்று நடவு என்று பெருக்கி எழுதிவிடும். விதையே கிடைக்காத வகைக்கு நாற்று எங்கிருந்து வரும்? அந்தக் கட்டங்களைக் கையால் நீக்கி, மீதியை ஒரே ‘நடத்துமுறை’ப் பட்டியலாகக் கொடுத்துவிட்டு, வேண்டிய ஒப்பீடுகளைத் தனியே கேட்பதுதான் வழி.

அறுவடையோடு அலகு மறுபடியும் மாறுகிறது. தாளை அறுத்த காய் சேமிப்புப் பட்டறைக்குப் போய்விட்டால், அங்கே காற்றுப்படும் ஓரமும் புழுங்கும் நடுவும் ஒன்றல்ல. சேமிப்பில் எடை எவ்வளவு குறைந்தது என்பதைப் பாத்தி எண்ணுக்கு நேரே எழுதிவைத்தால், வகையின் குணமும் பட்டறையின் குணமும் கலந்துவிடும். பைகளைப் பட்டறைக்குள் இரண்டாம் முறை குலுக்கி அடுக்கவேண்டும். பாத்தி எண் எழுதிய சீட்டிலேயே, பை இருந்த வரிசையும் அடுக்கும் ஏறவேண்டும்.