வெள்ளாவியும் வெண்துகிலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கடலை அடுத்த கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்தால் மறுகரையில் மண்டூர் தோன்றும். வயலும் நீரும் சூழ்ந்த அவ்வூருக்குப் பெருமை தருவது அங்குள்ள முருகன் கோவில். அதனைச் 'சின்னக் கதிர்காமம்' என்று அழைப்பதும் உண்டு. கதிர்காமத்திற் போலவே இங்கும் மூலத்தானம் திரையால் மறைக்கப்பட்டிருக்கும். பூசை செய்யும் கப்புகனார் வெண்துணியால் தம் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல் மௌனமாகவே வழிபாட்டை நிகழ்த்துவார்.

கோவிலில் மட்டுமன்றி, மட்டக்களப்பு நாட்டு வாழ்க்கை முழுவதிலும் வெள்ளைத் துணிக்குத் தனி இடம் உண்டு. பெண் பூப்பெய்திய வீட்டிலும், மணவீட்டிலும், மரண வீட்டிலும் வெள்ளை கட்டப்படும். பெரியோர் நடந்து வரும் வழியில் நிலபாவாடை விரிக்கப்படும். தெய்வத்துக்கும் மனிதருக்கும் உரிய தூய்மையின் அடையாளமாக அந்த வெண்மை விளங்குகிறது. ஆயின் அவ்வெண்மை எங்கிருந்து வந்தது? அதனை ஆக்கியவர் யாவர்? இவ்வினாவுக்கு விடை தேடினால் ஒரு நெடிய வரலாறு கிடைக்கும்.

தறியிலிருந்து இறங்கும் பருத்தித் துணி தூய வெண்மையானதன்று. பஞ்சில் இயல்பாகவே உள்ள மெழுகும் நிறப்பொருளும், நெசவாளர் பாவுக்கு இடும் கஞ்சிப்பசையும் சேர்ந்து அதற்கு ஒரு மங்கல் நிறத்தைத் தருகின்றன. இவற்றை நீக்கினாலன்றி வெள்ளை தோன்றாது. இந்த உண்மையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். புறநானூற்றின் 311-ஆம் பாடலில், களர் நிலத்திலே தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் வெளுக்கப்பட்ட தூய வெள்ளாடையைப் பற்றி ஔவையார் பேசுகிறார். வெளுத்தவள் ஒரு பெண். களர் நிலத்து நீரை அவள் பயன்படுத்தியதிற் பொருள் உண்டு. களர் மண்ணிலே காரம் இருக்கிறது. அக்காரமே அழுக்கின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து நீரோடு போக்கவல்லது. சவர்க்காரம் கடைக்கு வருமுன் உவர்மண்ணும் சாம்பலுமே நம்மவரின் சவர்க்காரமாக இருந்தன.

இலங்கையில் இத்தொழில் நடந்த முறையை நேரிற் கண்டு எழுதியவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். மட்டக்களப்புக்கு வடக்கே, கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரத்தில் 1660-ல் அவர் கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து, 1679-ல் தப்பிச் சென்று, 1681-ல் தம் நூலை வெளியிட்டார். அவர் கண்ட சிங்கள வெளுப்போர், ஏழெட்டுக் கலன் நீர் கொள்ளும் பானையை அடுப்பிலேற்றி, அதன்மேல் காரமிட்ட துணிகளை வைத்து, எழும் ஆவியால் அவற்றை அவித்தனர். பின்னர் ஆற்றங்கரைக் கற்களில் அடித்துத் துவைத்தனர். இவ்வளவு அடித்தும் துணி கிழியாதிருந்ததை நொக்ஸ் குறித்திருக்கிறார். இதுவே தமிழரிடையே 'வெள்ளாவி' எனப் பெயர் பெற்ற முறை. மொழி வேறாயினும் தொழில் ஒன்றாகவே இருந்தது.

வெள்ளாவியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. காரம் பசையைக் கரைக்கிறது. ஆவியின் வெப்பம் அதனை நூலின் உள்ளே செலுத்துகிறது. கல்லில் அடிக்கும் அடி அழுக்கை வெளியே தள்ளுகிறது. அடுத்து, ஈரத்துணியைப் புல்வெளியிலே விரித்து, உலர உலர நீர் தெளிப்பர். வெயிலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்து எஞ்சிய நிறப்பொருளைச் சிதைக்கின்றன. இறுதியிற் சிறிது நீலம் இடுவது மஞ்சட் சாயலை மறைப்பதற்காக. நீரின் தன்மையும் முக்கியமானது. உப்பு நீரிற் சவர்க்காரம் நுரைக்காது. உப்புப் படிந்த துணி காற்றின் ஈரத்தை உறிஞ்சி நசநசக்கும். எனவே வாவி அருகிலே பரந்து கிடந்தாலும், நல்ல வெள்ளைக்கு வேண்டியது குளத்து நன்னீரும் கிணற்று நன்னீருமே.

வெளுப்பவரின் திறமையைச் சோதிக்கும் இடம் துணியின் நடுப்பகுதியன்று; அதன் ஓரம். சமுக்காளத்தையோ கம்பளத்தையோ எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். விரிப்பின் இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சங்கள் பாவு நூலின் எஞ்சிய நுனிகளேயாம். கம்பளத்தின் மேற்பரப்பு ஆட்டு உரோமமாயினும், பாவு பெரும்பாலும் பருத்தியாகவே இருக்கும். விரிப்பு நனைந்து உலரும்போது, ஈரம் நூல் வழியே நுனிக்கு வந்து அங்கே ஆவியாகிறது. அது சுமந்து வந்த அழுக்கும் காரமும் நுனியிலேயே தங்கிவிடுகின்றன. இதனாலேயே கழுவிய பின்னருங்கூடக் குஞ்சம் மஞ்சளித்தும் பழுப்பேறியும் காணப்படுகிறது. நடுவிலே சரியாக அலசாத குற்றத்தை ஓரம் காட்டிக்கொடுக்கிறது.

இதற்குப் பழைய முறையே நல்ல மருந்து. முதலில் உலர்ந்த தூசியைத் தட்டி நீக்கி, குஞ்சத்தை மட்டும் மென்மையான சவர்க்கார நீராற் கழுவி, நன்னீரிற் பலமுறை அலசுதல் வேண்டும். எஞ்சிய காரத்தை முறிக்க, மிகுந்த நீரிற் கலந்த சிறிது எலுமிச்சஞ்சாறு போதும். அதன்பின் மீண்டும் அலச வேண்டும். உலரும்போது குஞ்சத்தின்மேல் உலர்ந்த வெள்ளைத் துணி ஒன்றை இட்டால், ஏறிவரும் பழுப்பை அத்துணி வாங்கிக்கொள்ளும். பின்னர், சாயம் தோய்ந்த பகுதியை மூடிவிட்டு, குஞ்சத்துக்கு மட்டும் வெயில் காட்டலாம். கடையில் விற்கும் வெளிற்றும் தூளை இதற்குப் பயன்படுத்துவது தவறு. அது பருத்தி நூலை நலியச் செய்யும். உரோமத்தையோ அரித்தே விடும்.

அந்தத் தூளுக்கும் ஒரு வரலாறு உண்டு. போர்த்துக்கேயர் 1628-ல் மட்டக்களப்பிற் கட்டிய கோட்டையை 1638-ல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதே நூற்றாண்டில் ஒல்லாந்தரின் ஹார்லெம் நகரம் துணி வெளுப்பதில் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றிருந்தது. அங்கும் சாம்பற் காரம், புளித்த மோர், புல்வெளி, வெயில் ஆகியவையே கருவிகள். ஆனால் வெயில் குறைந்த அந்நாட்டிலே ஆளிநார்த் துணியை வெளுக்க ஆறு மாதம் வரை சென்றது. 1774-ல் சுவீடன் நாட்டில் ஷீலே குளோரீனைக் கண்டறிந்தார். 1785-ல் பிரான்சிலே பெர்தோலே அதன் வெளிற்றும் ஆற்றலை எடுத்துக் காட்டினார். 1799-ல் கிளாஸ்கோவில் சார்ல்ஸ் டென்னன்ட் அதனைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கினார். மாதக்கணக்கிற் செய்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. ஆலைத்துணி வெளுத்தே கப்பலேறி வந்தது. வீட்டுக்கு வீடு சவர்க்காரமும் புகுந்தது. வெள்ளாவி அடுப்புகள் மெல்ல மெல்ல அணைந்தன.

அடுப்பு அணைந்ததற்காக மட்டும் வருந்துவதிற் பயனில்லை. அவ்வடுப்பின் அருகே நின்றவரின் வாழ்வையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஈழத் தமிழர் அவரைக் 'கட்டாடி' என்றனர். அவர் வந்து வெள்ளை கட்டாமல் மணமும் நடவாது, மரணச் சடங்கும் நிறைவேறாது. அஃது அவருடைய உரிமை எனப்பட்டது. அதற்காக நெல்லும் வரிசையும் அளிக்கப்பட்டன. ஆனால் எல்லாருடைய தீட்டுத் துணியையும் தொட்டு எடுத்தவர் என்பதனாலேயே அவர் தாழ்ந்தவராகவும் கருதப்பட்டார். ஊருக்குத் தூய்மையை ஆக்கித் தந்தவர், ஊர் நடுவிலன்றி ஓரத்திலேயே நிறுத்தப்பட்டார். அவரது கைப்பட்ட துணி நுழைந்த இடங்கள் எல்லாவற்றிலும் அவர் நுழைய முடிந்ததில்லை.

சாதியைக் காரணங் காட்டிக் கோவில், பாடசாலை, கடை முதலியவற்றில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957-ல் இலங்கையிற் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஒரே நாளில் மனத்தை மாற்றவில்லை. ஆயினும் கதவைத் திறந்தது. வெளுப்போரின் பிள்ளைகள் கல்வி கற்று வேறு தொழில்களை நாடினர். குலத்தொழில் குறைந்தது இழப்பு என்று சிலர் கூறுவர். தலைமுறை தலைமுறையாக ஒரு கல்லின் முன்னே குனிந்து நின்றவர் நிமிர்ந்ததை இழப்பு என்று கொள்வது முறையாகாது. இழக்கத் தகாதது அவருடைய அறிவு; காரத்தையும் வெயிலையும் நீரையும் அளந்து பயன்கொண்ட அந்த நுண்ணறிவு.

மண்டூரிலே கப்புகனார் வாய்கட்டி நிற்கும் வேளையில் எங்கும் மௌனம் நிலவும். அந்த வெண்துணியும் பேசாது. ஆயினும் களர்க்கிணற்றிலே வெளுத்த ஔவையார் காலத்துப் பெண்முதல் படுவான்கரைக் கட்டாடிவரை, பெயர் எழுதப்படாத எத்தனையோ கைகளின் உழைப்பு இத்தகைய வெண்மையின் பின்னே இருக்கிறது. தூய்மையைப் போற்றுவோர் அக்கைகளையும் போற்றுவதே முறை.