காரைக்குடி மின்வேதியியல் ஆய்வும் ஹைட்ரஜன் எரிபொருள் கலமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நீராகும் வினையிலிருந்து, எரித்தலின்றி நேரடியாக மின்சாரம் பெறும் கருவியே எரிபொருள் கலம். அதன் வரலாறு பொதுவாக 1839இல் வில்லியம் குரோவ் வெளியிட்ட ஆய்வில் தொடங்கி, 1965இல் ஜெமினி 5 விண்கலத்துக்கு அது மின்னளித்தது வரை எழுதப்படுகிறது. இவ்வரைவில் தமிழகத்துக்கு இடமில்லை. திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே காரைக்குடியில் வளர்ந்த மின்வேதியியல் ஆய்வு மரபை இவ்வரலாற்றோடு இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவன அடித்தளம்

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதன் பயனாக மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் அமைந்தது. 25.07.1948 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார், 14.01.1953 அன்று இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிமானம், மின்முலாம், மின்கலம் முதலியன அதன் ஆய்வுக் களங்களாயின. இவை வெவ்வேறாகத் தோன்றினும், மின்வாயின் மேற்பரப்பில் நிகழும் வினையை அறிந்து ஆளுதலே அனைத்துக்கும் அடிப்படை.

எரிபொருள் கலத்தின் சிக்கலும் அதுவே. சவ்வு வகைக் கலத்தில் ஹைட்ரஜன் ஒரு மின்வாயில் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் சவ்வைக் கடக்கிறது. எலக்ட்ரான் புறச்சுற்றில் சென்று மின்னோட்டமாகிறது. மறு மின்வாயில் ஆக்சிஜனின் வினை மெதுவானது. அதனை விரைவுபடுத்தும் பிளாட்டினம் விலைமிக்கது. அதைத் தாங்கும் கார்பன் அரிக்கப்படுவதால் கலத்தின் ஆயுளும் குறைகிறது. ஆகவே அரிமான ஆய்வு இதற்கு அயலான துறையன்று.

ஆய்வகத்திலிருந்து சாலைக்கு

2016இல் காரைக்குடி நிறுவனமும் புனே தேசிய வேதியியல் ஆய்வகமும் கே.பி.ஐ.டி. நிறுவனத்தோடு இணைந்து, வாகனங்களுக்கான கலத்தை உருவாக்கும் திட்டத்தில் இறங்கின. 2020 அக்டோபரில், 10 கிலோவாட் திறனுள்ள கல அடுக்கு பொருத்திய கார் வெள்ளோட்டம் விடப்பட்டது.

முடிவுரை

நிறுவனம் திறக்கப்பட்டதற்கும் இக்கார் ஓடியதற்கும் இடையே 67 ஆண்டுகள் உள்ளன. நிலம் ஈந்தபோது ஹைட்ரஜன் கார் எவர் திட்டத்திலும் இல்லை. உடனடிப் பயனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்தால் இத்தொடர்ச்சி அறுந்திருக்கும். அழகப்பர் பெரிதும் கல்வி வள்ளலாகவே போற்றப்படுகிறார். தமிழக அறிவியல் வரலாற்றிலும் அவருக்குரிய இடம் எழுதப்பட வேண்டும். அவ்வரலாறு கருவிகளின் பட்டியலாக அன்றி, அடிப்படை ஆய்வைத் தாங்கிய நிறுவனங்களின் வரலாறாக அமைவதே பொருந்தும்.