சூரிய கிரகணம்: முதுகைக் காட்டி நின்று பார்ப்போம்

2027 ஆகஸ்ட் 2 அன்று ஒரு சூரிய கிரகணம் நிகழவிருக்கிறது. மக்காவிலும் ஜித்தாவிலும் அது முழு கிரகணம். தமிழகத்தில் மாலை நேரத்துப் பகுதி கிரகணம். அன்று நம் பிள்ளைகளைக் கதவடைத்து உள்ளே வைக்க வேண்டியதில்லை. வெறும் கண்ணால் பார்க்க விடவும் கூடாது. சூரியனைப் பார்க்காமலேயே கிரகணத்தைப் பார்க்க எளிய வழி இருக்கிறது.

அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்

ஹிஜ்ரி 10-ல் (கி.பி. 632) நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் மதீனாவில் கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் சூரியன் மங்கியது என்று மக்கள் பேசினர். நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்தார்கள். எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் வருவதில்லை, அது அல்லாஹ்வின் அத்தாட்சி என்று விளக்கி, தொழவும் துஆ செய்யவும் ஏவினார்கள். எனவே கர்ப்பிணி வெளியே வரக் கூடாது, சமைத்ததைக் கொட்ட வேண்டும் என்பவற்றுக்கு மார்க்கத்தில் இடமில்லை.

ஆனால் கண்ணுக்கு வரும் ஆபத்து உண்மையானது. மற்ற நாட்களில் சூரியனைப் பார்த்தால் கண் கூசித் தானே திரும்பிவிடும். கிரகணத்தின்போது ஒளி குறைவதால் உற்றுப் பார்க்க முடிகிறது. மறையாமல் இருக்கும் பகுதியின் கதிர் விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவே மங்கல் தெரியும். அது நிரந்தரமாகவும் ஆகிவிடலாம்.

ஊசித்துளைப் பெட்டி செய்யும் முறை

1. சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள அட்டைப்பெட்டி எடுங்கள். இரண்டு பெட்டிகளை ஒட்டியும் நீளமாக்கலாம்.
2. ஒரு முனையில் சிறு சதுரம் வெட்டி, உணவு பொதியும் அலுமினியத் தாளைச் சுருக்கமின்றி ஒட்டி, நடுவில் ஊசியால் ஒரு துளையிடுங்கள்.
3. எதிர்முனையின் உட்புறம் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். அதை எட்டிப் பார்க்கப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திறப்பு வெட்டுங்கள்.
4. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளையுள்ள முனையைத் தோளுக்கு மேல் சூரியன் பக்கம் வையுங்கள். பெட்டியின் நிழல் மிகச் சிறிதாகும்போது குறி சரியாக இருக்கும்.

இப்போது தாளில் சூரியனின் பிம்பம் தலைகீழாக விழும். ஒரு மீட்டர் தூரத்துக்கு அதன் அகலம் சுமார் 9 மில்லிமீட்டர். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், பிம்பம் மங்கும். தூரத்தைக் கூட்டினால்தான் பிம்பம் பெரிதாகும். பார்க்க வேண்டியது தாளை மட்டுமே. துளை வழியே சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது.

பெட்டி செய்ய நேரமில்லையா? அடுக்களைச் சல்லடை போதும். மாலை வெயிலில் அதைச் சுவருக்கு எதிரே பிடித்தால் துளைக்கொரு பிறையாகப் பல பிறைகள் விழும். துளை சதுரமாக இருந்தாலும், அது போதிய அளவு சிறியதாக இருந்தால் பிறைதான் தெரியும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் கிரகணத்தின் வடிவம் குறித்துத் தனி நூலே எழுதி, சிறு துளை வழியே பிறை வடிவம் விழுவதை ஆராய்ந்தார்.

தவிர்க்க வேண்டியவை

கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, குறுந்தகடு, தண்ணீர்ப் பாத்திரத்தில் தெரியும் சூரியன் இவை எதுவும் பாதுகாப்பல்ல. பைனாகுலர் வழியே பார்ப்பது மிகவும் ஆபத்து. நேரடியாகப் பார்க்க விரும்பினால் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள, கீறல் இல்லாத கிரகணக் கண்ணாடி வேண்டும்.

பெட்டியை முந்தைய நாளே வெயிலில் சோதித்துப் பாருங்கள். முழு வட்டம் விழுந்தால் அது தயார். கிரகணத் தொழுகையின் முறையிலும், அஸ்ருக்குப் பின் தொழுவது பற்றியும் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே உங்கள் மஹல்லா இமாமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பிறையைக் காட்டிவிட்டு, அவர்களையும் அழைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.