சோழர் உருக்கும் பட்டறைக் கத்தியும்

காஞ்சிபுரத்துலருந்து பேசறேன். பின்னாடி டக் டக்குன்னு ஒரு சத்தம் கேட்டா, அது பக்கத்து வீட்டுத் தறி. எடிட்டிங்ல எடுக்க முடியல, எடுக்க மனசும் வரல.

இந்த எபிசோட் ஒரு நேயர் கேட்ட கேள்வியிலருந்து வந்தது. அடிக்கடி மலையேற்றம் போறவர். ஒரு கத்தியோட விளம்பரப் படத்தை அனுப்பியிருந்தார். மடக்குக் கத்தி இல்ல. அலகும் பிடியும் ஒண்ணா நிக்கிற நிலைக்கத்தி. அலகு மட்டும் பத்து அங்குலம். அது முழுக்கத் தண்ணி அலை மாதிரி கோடு கோடா ஒரு வேலைப்பாடு. கீழே "சோழர் கால உருக்கு, டமாஸ்கஸ்" அப்படின்னு எழுதி, விலை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். "காட்டுக்கு எடுத்துட்டுப் போக இதை வாங்கலாமா ப்ரோ?"

சின்ன பதில்: வேண்டாம். பெரிய பதிலுக்குக் கொஞ்சம் பின்னால போகணும். கொஞ்சம்னா, பதினஞ்சு லட்சம் வருஷம்.

1863 மே 30. பல்லாவரத்துல ராணுவ அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் சரளை தோண்டின ஒரு குழி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அதுலருந்து ஒரு கல்லை எடுக்கறார். அப்போ அவருக்கு 28 வயசு. (எனக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான், நான் இன்னும் பக் டிக்கெட்டுதான் மூடிட்டிருக்கேன்.) அது சும்மா கல் இல்ல, மனுஷன் செதுக்கின கைக்கோடரின்னு அவருக்குப் புரியுது. இந்தியாவோட தொல்பழங்கால வரலாறே அந்தக் கல்லுலதான் தொடங்குது. அதே வருஷம் செப்டம்பர்ல அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாத்துப் படுகையில அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிக்கறாங்க. காஞ்சிக்கு வடக்கே, இப்போ திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கற ஊர். அங்கே சாந்தி பப்பு குழுவினர் தோண்டி எடுத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயசுன்னு 2011ல 'சயின்ஸ்' இதழ்ல கட்டுரை வந்தது. பூண்டி அகழ்வைப்பகத்துக்குப் போனா இந்த மாதிரி கற்கருவிகளை நேர்ல பார்க்கலாம்.

கத்திக் கேள்விக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கைக்கோடரிகள் குவார்ட்சைட் கல்லுல செஞ்சது. சுத்துவட்டாரத்துல கிடைச்ச கூழாங்கல், பாறாங்கல். கண்ணாடி மாதிரி இருக்கிற எரிமலைக் கல்லுல இதைவிடப் பல மடங்கு கூர்மை வரும். ஆனா ஓங்கி ஒரு எலும்பை அடிச்சா விளிம்பு சிதறிடும். குவார்ட்சைட் அவ்வளவு கூர் ஆகாது, அடி தாங்கும். கூர்மை ஒரு பக்கம், அடி தாங்குற குணம் ஒரு பக்கம். இந்த ரெண்டையும் ஒரே பொருள்ல முழுசா வாங்க முடியாது. இதை மனசுல வெச்சுக்கிட்டு உருக்குக்கு வருவோம்.

விளம்பரம் பெருமை பேசற உருக்கு உண்மையானதுதான். அதுல சந்தேகமே வேண்டாம். நொய்யல் கரைக் கொடுமணல்ல, பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூர்ல எல்லாம் மூசையில உருக்கு காய்ச்சின தடயம் கிடைச்சிருக்கு. மேல்சிறுவளூர் பத்தி சாரதா சீனிவாசன் 1994ல எழுதினாங்க. சேலம் பக்கத்து முறையை ஜோசையா ஹீத்னு ஒரு ஆங்கிலேயர் 19ம் நூற்றாண்டுல விவரமா எழுதி வெச்சிருக்கார். தேனிரும்புத் துண்டுகளைச் சின்ன மண் மூசைக்குள்ள போடுவாங்க. கூடவே காஞ்ச ஆவாரங்குச்சி, எருக்க இலை. வாயைக் களிமண்ணால அடைச்சுக் கரி உலையில அடுக்கி, துருத்தியால ஊதிக்கிட்டே இருப்பாங்க. உள்ளே குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள்ள ஏறும். ஆறவிட்டு மூசையை உடைச்சா, உள்ளங்கையில அடங்குற உருக்குக் கட்டி. எங்கயோ வேலியோரத்துல வளர்ற எருக்கும் ஆவாரையும் உலகத்தோட பெரிய வாள்களுக்குள்ள போயிருக்குன்னு நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். இந்தக் கட்டிகள் பாரசீகத்துக்கும் மேற்காசியாவுக்கும் கப்பலேறின. டமாஸ்கஸ் வாள்னு ஐரோப்பா கொண்டாடினதுக்கு மூலப்பொருள் இந்த வகை உருக்கு. தெலுங்கு, கன்னடத்து 'உக்கு'தான் ஆங்கிலத்துல 'வூட்ஸ்' ஆச்சுன்னு சொல்வாங்க.

இங்கதான் விளம்பரம் சொல்லாத பகுதி வருது. பம்பாயிலருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு வூட்ஸ் மாதிரிகள் போச்சு. ஜார்ஜ் பியர்சன் 1795ல அதைப் பத்திக் கட்டுரை வாசிச்சார். அதுல ஜேம்ஸ் ஸ்டோடார்ட்னு ஒரு கத்தித் தொழிலாளி வர்றார். அவர்கிட்ட ஒரு துண்டைக் கொடுத்து என்ன செய்யச் சொன்னாங்க தெரியுமா? பேனாக்கத்தி. அவர் அதை அடிச்சு முடிக்கறதுக்குள்ள படாத பாடு பட்டார். நல்லா வெள்ளையா காய்ச்சி அடிச்சா உருக்கு உடைஞ்சிடும். இருட்டுல மட்டும் தெரியற அளவுக்கு மங்கலா சிவந்த நிலையிலதான் அடிக்க முடிஞ்சுது. ஆனா விளிம்பு வந்தப்போ அசந்துட்டார். அறுவை மருத்துவர்களோட கத்திக்கு இது ரொம்பப் பொருத்தம்னு சொன்னார். பிறகு இதே ஸ்டோடார்ட்கூடச் சேர்ந்துதான் மைக்கேல் ஃபாரடே உருக்குக் கலவைகளை ஆராய்ஞ்சார். ஆமா, நம்ம ப்ளஸ் டூ பிசிக்ஸ் ஃபாரடேயேதான். கொல்லர் வீட்டுப் பிள்ளை. வூட்ஸ் ரகசியம் அலுமினியத்துல இருக்குன்னு நினைச்சார், அது தப்பாப் போச்சு. 1998ல வெர்ஹோவனும் பென்ட்ரேயும், தாதுல இருந்த வனேடியம் மாதிரி தனிமங்கள் துளித் துளியா கலந்ததாலதான் அந்த அலைக்கோடு வருதுன்னு சோதனை செஞ்சு காட்டினாங்க.

பேனாக்கத்தி, அறுவைக் கத்தி. அந்த நிபுணர் கண்ணுக்குப் பட்டது மெல்லிய, நீடிக்கிற கூர்மை. வூட்ஸ்ல கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல, பல மாதிரிகள்ல ஒன்றரை வாக்குல இருக்கும். கார்பன் ஏற ஏறக் கடினம் ஏறும், அடி தாங்குற குணம் இறங்கும். வூட்ஸ் வாள்கள் எல்லாம் பொளபொளன்னு உடைஞ்சுதுன்னு நான் சொல்லல. ஒவ்வொரு கட்டியோட குணமும் தெரிஞ்ச கொல்லர்கள் அதைப் பக்குவமா அடிச்சு வாள் ஆக்கினாங்க. அந்தக் கை அறிவுதான் 19ம் நூற்றாண்டுல அறுந்து போச்சு. இன்னைக்கு 'டமாஸ்கஸ்'னு கடையில கிடைக்கறது பெரும்பாலும் வேற சமாச்சாரம். ரெண்டு வகை உருக்கைத் தகடு தகடா அடுக்கி, காய்ச்சி அடிச்சு ஒட்டி, மடிச்சு, கடைசியில அமிலத்துல தோய்ச்சுக் கோட்டை எடுத்துக் காட்டறாங்க. நல்ல கையால செஞ்சா அருமையான வேலைதான், நான் குறை சொல்லல. ஆனா மூசையும் இல்ல, ஆவாரங்குச்சியும் இல்ல. அதுல சோழர் எங்கருந்து வந்தார்?

சரி, அப்போ நம்ம ஊர்ல காட்டுக்கும் தோப்புக்கும் போன ஆள் கையில எது இருந்தது? வெட்டுக்கத்தி. தெற்கே அருவா, கொங்குல கொடுவா. திருப்பாச்சேத்தி அருவாளைப் பத்திச் சினிமா பண்ணின அலப்பறையை விட்டுடுங்க. அது அடிப்படையில ஒரு விவசாயக் கருவி. பாரம் முனைப் பக்கம் இருக்கும், அதனால தோளை வருத்தாம விழும். வளைஞ்ச மூக்கு எதுக்குன்னா, சீமைக்கருவேல முள்ளுக்குள்ள கையை விடாம கிளையை இழுத்து வெளியே எடுக்கறதுக்கு. நம்ம பக்கத்துப் புதர்க்காட்டைப் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும்.

இப்போ பட்டறைகள்ல இதுக்கு அதிகமா எடுக்கறது லாரியோட பழைய ஸ்பிரிங் பட்டை. கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, கூட மாங்கனீஸ், சிலிக்கான். வூட்ஸ்ல பாதி கார்பன்கூட இல்ல! ஆனா லட்சக்கணக்கான குழியில வளைஞ்சு நிமிரணும்னே பிறந்த உருக்கு அது. கொல்லர் அதைக் காய்ச்சி அடிச்சு, வாய்ப்பக்கம் மட்டும் தண்ணியிலயோ எண்ணெயிலயோ தோய்ச்சு எடுப்பார். முதுகு மெதுவா ஆறும். விளிம்பு கடினம், முதுகு அடி தாங்கும். வெளிநாட்டுக் கத்திக் கம்பெனிகள் 'டிஃபரன்ஷியல் ஹீட் ட்ரீட்மென்ட்'னு பேர் வெச்சு அதுக்குத் தனி விலை போடறாங்க. நம்ம ஊர்ல அதுக்குப் பேர் தோய்ச்சல், அவ்வளவுதான்.

பட்டறைக் கத்தி எல்லாமே நல்ல கத்தின்னும் சொல்ல முடியாது. ஓடித் தேஞ்ச பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அலகைத் தொங்கவிட்டுச் சுண்டிப் பாருங்க. கணீர்னு நின்னு கேட்டா சரி, சத்தம் கம்மினா வேண்டாம். ரம் போட்டா பொசுபொசுன்னு விளிம்பு தேயக்கூடாது, வழுக்கணும். அதாவது அரம், எங்க பக்கம் பேச்சுல ரம்.

அடுத்து பிடி. நிலைக்கத்தி வாங்கற எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, 'ஃபுல் டாங்'கா? அதாவது, அலகோட இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் முழு அகலத்துக்குப் போகுதா? இந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1982ல 'ஃபர்ஸ்ட் பிளட்' வந்தது, ஸ்டாலோன் படம். ஜிம்மி லைல் செஞ்ச கத்தி, பிடி உள்ளே பொள்ளல், அதுல தீக்குச்சி, ஊசி நூல், மூடியில திசைகாட்டி. படத்துக்கு அப்புறம் மலிவு நகல்கள் குவிஞ்சுது. பொள்ளல் பிடியும் அலகும் சேர்ற இடத்துல அதுங்க உடைஞ்சு உடைஞ்சு விழுந்துது. அதுக்கு எதிர்வினையா வந்ததுதான் 'முழு டாங் இல்லன்னா தொடாதே'ங்கற மந்திரம். ஆனா 1942ல அமெரிக்க மரைன் படை எடுத்துக்கிட்ட கா-பார் கத்திக்கு முழு டாங் கிடையாது. ஒல்லியான வால்தான் தோல் வளையங்களுக்குள்ள போகுது. நம்ம வெட்டுக்கத்தியும் அப்படித்தான்: மரப்பிடிக்குள்ள ஒரு வால், வாயில ஒரு பூண். பிடி ஆடினா புதுப்பிடி போடறது அரைமணி நேர வேலை. என் கணக்கு இதுதான்: உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம ஆன்லைன்ல வாங்கறீங்கன்னா முழு டாங் கேளுங்க. செஞ்சவர் எதிர்ல நிக்கறார்னா, வாலோட நீளத்தைப் பிடி போடறதுக்கு முன்னாடி காட்டச் சொல்லுங்க, போதும்.

வெட்டுக்கத்தியால தக்காளி நறுக்க முடியாது, கட்டு பிரிக்கறதும் சிரமம். அதுக்கு நாலு அங்குல அலகு, மூணு மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு சின்ன நிலைக்கத்தி தனியா இருந்தா நல்லது. அது துருப்பிடிக்காத எஃகாவே இருக்கலாம். வேர்வையும் மழையும் படற இடத்துல கார்பன் உருக்கு ராத்திரியே சிவந்துடும். தேங்காய் எண்ணெய் தடவற பொறுமை இருக்கறவங்களுக்கு மட்டும்தான் அது.

ஒரு இடைச்செருகல். செங்கல்பட்டு, காஞ்சி, திருவள்ளூர் பக்கம் காட்டை நம்பியே வாழ்ந்தவங்க இருளர்கள். 1978ல வடநெம்மேலியில அவங்க பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாங்க. 2023ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சுது. பாம்பு, எலி தேடிப் போற இருளர் கையில நீங்க முதல்ல பார்க்கறது கத்தி இல்ல, கடப்பாரை. வளை தோண்ட, கிழங்கு தோண்ட அதுதான் வேணும். 'சர்வைவல்' கருவி எதுன்னு நிஜமாவே சர்வைவ் பண்ணினவங்ககிட்ட கேட்டா பட்டியல் வேற மாதிரி வரும்.

இப்போ நேயர் கேக்காத, ஆனா கேட்டிருக்க வேண்டிய விஷயம். சட்டம். ஆயுதச் சட்டம் 1959, அதோட விதிகள்ல ஐந்தாம் வகைன்னு ஒண்ணு இருக்கு. 9 அங்குலத்துக்கு மேல நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்தி அதுல வரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழிலுக்குன்னு செஞ்சது விதிவிலக்கு. அரசு அறிவிச்ச பகுதிகள்ல அந்த வகையை வெச்சிருக்க உரிமம் வேணும். வெட்டுக்கத்தி விவசாயக் கருவி; தோப்புல அது யார் கண்ணையும் உறுத்தாது. பஸ் ஸ்டாண்டுல ராத்திரி பத்து மணிக்குப் பையில இருந்தா கதை வேற. உங்க பத்து அங்குல 'சோழர்' கத்தியை எந்த விவசாயத்துக்குன்னு சொல்வீங்க?

அதைவிட முக்கியம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31. சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட போகணும்னா எழுத்துபூர்வ முன் அனுமதி வேணும். அந்தச் சட்டத்தோட ஆயுதம்ங்கற விளக்கத்துல 'கத்தி'ன்னே இருக்கு, அங்குலக் கணக்கெல்லாம் இல்ல. மலையேற்றம் போறவங்க ஆசைப்படற பல பாதைகள் இந்த எல்லைக்குள்ளதான் வருது. அதனால கத்தி வாங்கறதுக்கு முன்னாடி, போற காடு எந்த வகையில வருதுன்னு வனத்துறை அலுவலகத்துல கேளுங்க. அனுமதி இல்லன்னா வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க, கூட வர்ற வழிகாட்டிகிட்ட தேவையானது இருக்கும்.

அனுமதி தேவைப்படாத இடம், சொந்தத் தோப்பு, ஏரிக்கரை முகாம், இதுக்குத்தான்னா ஒரு பட்டறைக்குப் போங்க. பன்னிரண்டாயிரம் எல்லாம் ஆகாது. "நல்ல கத்தி ஒண்ணு அடிச்சுக் கொடுங்கண்ணே"ன்னு சொன்னா, உருக்கு வகையையோ நீளத்தையோ அவர் முதல்ல பேச மாட்டார். "எதை வெட்ட?"ன்னு கேப்பார். மூங்கில்னா ஒரு எடை, தென்னை மட்டைன்னா ஒரு வளைவு, முள்ளுன்னா ஒரு மூக்கு. போறதுக்கு முன்னாடி பதிலை யோசிச்சு வெச்சுக்கோங்க.

சேலம் உருக்கைப் பத்தி எழுதினார்னு சொன்னேனே ஹீத், அவர் சும்மா எழுதினதோட நிக்கல. பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலையே தொடங்கினார், பிறகு ஷெஃபீல்டுல மாங்கனீஸ் காப்புரிமைக்காகக் கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சார். அந்தக் கதை அடுத்த எபிசோட்ல. தறிச் சத்தம் அதுலயும் இருக்கும்.