இலண்டன் மாநகரும் அதன் கப்பல்துறைகளும்

கடற்கரை ஊரைப் பட்டினம் என்றும் பெருநகரைப் பட்டணம் என்றும் வழங்குவது நம் மொழி மரபு. ஒலியில் அண்டை வீட்டாராக விளங்கும் இவ்விரு சொற்களும், கலம் வந்தணையும் துறையே நகருக்கு உயிர்நிலை என்னும் எண்ணத்தை எழுப்புகின்றன. அத்துறை அழிந்துபட்டால் நகர் எதன் பொருட்டு நிற்கும்? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவுக்கு விடை கூற நேர்ந்த நகரங்களுள் தலையாயது இலண்டன்.

தேம்ஸ் ஆற்றங்கரையில் உரோமர் நிறுவிய அந்நகரில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்கள் ஆற்றை அடைத்து நின்றன; சரக்குகள் களவு போயின. ஆகவே ஆற்றோரத்தில் பெருங்குளங்கள் போல நிலத்தை அகழ்ந்து, மதகுக் கதவுகளும் உயர்ந்த மதில்களும் அமைத்துக் கப்பல்துறைகளைக் கட்டினர். மேற்கிந்தியத் துறை 1802இலும் கிழக்கிந்தியத் துறை 1806இலும் திறக்கப்பட்டன. முன்னதில் வந்திறங்கிய சர்க்கரை, அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என்பதை மறத்தலாகாது.

இத்துறைகளில் மூட்டை சுமந்தவர் நிலை யாது? நாள்தோறும் காலையில் அவர்கள் வாயிலில் திரண்டு நிற்பர். மேற்பார்வையாளர் வந்து, வேண்டியவரை மட்டும் பொறுக்கி எடுப்பார். ஏனையோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர். எடுக்கப்பட்டவருக்கும் சில மணி நேர வேலையே கிட்டுவதுண்டு. 1889இல் அவர்கள் மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலிருந்தும் பண உதவி வந்தது. ஏறத்தாழ ஐந்து வாரங்களில் கோரிக்கை வென்றது. எனினும் அன்றாடம் ஆள் பொறுக்கும் முறை ஒழிந்து, நிலையான வேலை உறுதியாவதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 1967இல்தான் கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டது! முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போராடிப் பெற்ற உரிமை, கைக்கு வந்தபோதே பொருளிழக்கத் தொடங்கியது. இத்தகைய கொடுமையை வரலாறு அடிக்கடி காட்டுவதில்லை.

காரணம் ஒரு பெட்டி. 1956இல் அமெரிக்காவில் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெரிய உலோகப் பெட்டகங்களைச் சுமந்து, நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றது. மூட்டை மூட்டையாகப் பலர் இறக்கிய சரக்கை, இனிப் பாரந்தூக்கி பெட்டியோடு எடுத்து லாரியில் வைத்துவிடும். இம்முறைக்கேற்பக் கப்பல்களும் பருத்தன. நகருக்குள் இருந்த பழைய துறைகள் அவற்றைத் தாங்கவில்லை. ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கியுள்ள டில்பரியும் பிற துறைமுகங்களும் அவ்வாணிகத்தைப் பெற்றன. 1981க்குள் நகரின் பெருந்துறைகள் யாவும் மூடப்பட்டன. 1939இல் சுமார் 86 லட்சமாயிருந்த மக்கள்தொகை, அப்போது ஏறத்தாழ 68 லட்சமாகக் குறைந்திருந்தது. போரும், வெளியே எழுந்த புதுநகரங்களும் அதற்குக் காரணங்களே. பழியனைத்தையும் துறைகளின் மேல் சுமத்துதல் தகாது.

ஆயினும் சரக்கு போன வழியே எல்லாம் போய்விடவில்லை. சரக்கைச் சுற்றி வேறு தொழில்கள் வேரூன்றியிருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் எட்வர்டு லாயிடின் காப்பிக் கடையில் கப்பலோட்டிகளும் வணிகரும் கூடிப் பேசியதிலிருந்து பெருங் காப்பீட்டுச் சந்தை ஒன்று பிறந்தது. இலங்கை மலைநாட்டில் தமிழ்ப் பெண்கள் கொய்த தேயிலைக்கு, மின்சிங் சந்தின் ஏலத்தில் விலை குறித்தனர். அவ்வேலமும் 1998இல் முடிவுற்றது. ஆனால் கடன், காப்பீடு, பங்கு, அயல்நாட்டுப் பணம் ஆகியவற்றைக் கையாளும் அறிவு நகரில் தங்கியது. தங்கியதோடு பெருகவும் செய்தது. 1986இல் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின், அயல்நாட்டு வங்கிகள் அகன்ற கூடங்களைத் தேடின. கானரித் தீவுகளின் பழங்கள் வந்திறங்கிய ‘கானரி வார்ஃப்’ என்னும் இடத்தில் 1991இல் ஐம்பது மாடிக் கோபுரம் எழுந்தது. அதைக் கட்டிய நிறுவனம் மறு ஆண்டே நொடித்துப் போயிற்று. கோபுரமோ பின்னர் நிரம்பியது.

இதனை மாநகரின் மறுபிறப்பு என்று போற்றுவோர் பலர். 2015இல் மக்கள்தொகை 1939ஆம் ஆண்டின் அளவைக் கடந்தது. ஆகவே அது பொய்யன்று. ஆனால் நகர் பிழைத்தது ஒரு கணக்கு. அதனைச் சுமந்தவர் பிழைத்தனரா என்பது வேறு கணக்கு. மூட்டை தூக்கிய ஐம்பது வயதினரைப் பங்குத் தரகு நிலையம் அழைக்கவில்லை. புதிய வேலைகளுக்குப் பலர் தொலைவிலிருந்து இரயிலேறி வந்தனர். கோபுரங்களின் நிழல் விழும் டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் குழந்தை வறுமை இன்னும் மிகுதியாகவே உள்ளது.

இப்பொழுது அக்கோபுரங்களுக்கும் சோதனை வந்திருக்கிறது. 2020இல் தொடங்கிய பெருந்தொற்றுக் காலத்தில், எழுத்தர் பலர் வீட்டிலிருந்தே பணியாற்றக் கற்றுக்கொண்டனர். கானரி வார்ஃபில் உயர்ந்த கோபுரம் ஒன்றைத் தலைமையகமாகக் கொண்ட எச்.எஸ்.பி.சி. வங்கி, நகரின் பழைய நடுப்பகுதியில் சிறிய கட்டடம் ஒன்றுக்கு மாறப்போவதாக 2023இல் அறிவித்தது. அக்கோபுரத்தை வேறு பயன்களுக்கு மாற்றியமைக்கத் திட்டங்கள் வரையப்பட்டுள்ளன.